டாக்டர் அறையில் அம்மாவுக்காக நீங்கள் பேசாதீர்கள்

அமெரிக்காவில் அம்மாவையோ அப்பாவையோ கூட வைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்கு ஆங்கிலம் வராது, எங்கே போனாலும் நீங்கள்தான் அவர்களுக்கு வாய் என்றால் கண்டிப்பாகப் படியுங்கள். அப்பா போன பிறகு கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா நியூ ஜெர்சிக்கு எங்களிடம் வந்துவிட்டார். கிரீன் கார்டும் வந்தது. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்குத் தகுதி பெற இங்கே ஐந்து வருஷம் தங்கியிருக்க வேண்டும் என்பதால் சந்தையில் கிடைத்த ஒரு காப்பீட்டை வாங்கினோம். பேரன் பள்ளிக்கூடம், அம்மா சமையல், வாரக் கடைசியில் கோயில் என்று எல்லாம் ஒழுங்காகப் போகிற மாதிரித்தான் இருந்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் அம்மாவும் நானும் பட்ட பாட்டை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், பணத்தில் பாதியும் அழுகையில் பாதியும் மிச்சமாகியிருக்கும். என் கணவர் அப்போது வாரம் முழுக்க வேறு மாநிலத்தில் வேலையில் இருந்தார். அண்ணன் சிங்கப்பூரில். ஓடியது எல்லாம் நான்தான்.

அம்மா முதலில் நெஞ்செரிச்சல் என்றார். அப்புறம் முதுகு, அப்புறம் தலைக்குள்ளே ஏதோ ஓடுகிறது என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். மறுநாள் சமையலுக்கு அவ்வளவு பூண்டு தேவையே இல்லை. டப்பா டப்பாவாக உரித்த பூண்டு குளிர்பெட்டியில் சேர்ந்தது. சீரியல் பார்ப்பது நின்றது. ஊரிலிருந்து சித்தி கூப்பிட்டால் "தூங்குறேன்னு சொல்லிடு" என்பார். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் போய்விட்டார், இன்னொரு நாள் பேரன் பெயருக்குப் பதில் அண்ணன் பெயரைச் சொன்னார். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று நான் ராத்திரியெல்லாம் கூகுளில் தேடிக்கொண்டிருந்தேன். வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல சமயம் மறதி போலவே தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சோகமாக இருக்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நம் அம்மாக்கள் டாக்டரிடம் மனசைப் பற்றிப் பேசுவதில்லை, உடம்பைத்தான் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஒரு ராத்திரி நெஞ்சு பாரமாக இருக்கிறது, மூச்சு விட முடியவில்லை என்றார். அவசர சிகிச்சைக்கு ஓடினோம். அந்த வயதில் நெஞ்சு வலி என்றால் ஓடத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. இதயத்தில் ஒன்றுமில்லை. அங்கேதான் முதல் கோளாறு நடந்தது. கணினியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, நீங்களே அம்மாவுக்குச் சொல்லிவிடுவீர்கள்தானே என்றார். தலையாட்டினேன். வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறாரா, கடந்த இரண்டு வாரத்தில் மனம் தளர்ந்திருந்ததா, வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். மகளாகிய நான், ராத்திரி இரண்டு மணிக்கு, கையில் ஊசியோடு படுத்திருக்கும் அம்மாவிடம் "சாகணும்னு தோணுதாம்மா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லடி, நீ போய்க் கொஞ்சம் படு" என்றார். நர்ஸ் "இல்லை" என்ற கட்டத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பெற்ற பிள்ளை முன்னால் எந்த அம்மாவும் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல மாட்டார். இது அந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பில் வந்தபோது டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை, தீராததால் எங்கள் பங்கு நாலாயிரம் டாலருக்கு மேல். கண்காணித்த டாக்டரின் பில் தனி. நேராகக் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவில் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வரிச் சட்டம். வீட்டுக்குப் போன பிறகு வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள், பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். நான் விண்ணப்பித்ததில் ஒரு பகுதி குறைந்தது, மீதியை வட்டியில்லாமல் மாதத் தவணையாகக் கட்டினேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் ஸ்பெஷலிஸ்ட் படலம். வயிற்று டாக்டர், நரம்பு டாக்டர், மறுபடி இதய டாக்டர். ஒவ்வொருவரும் தங்கள் உறுப்பைப் பார்த்துவிட்டு, இங்கே பிரச்சினை இல்லை என்று அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு, கோபே என்று நம் கையிலிருந்து கட்டும் பங்கு, பரிசோதனைக் கட்டணம். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கும்போது இவர் ஏன் இப்படிப் பண்ணுகிறார் என்று கார் ஓட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்தக் கோபம் வருவது இயல்புதான். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் யாரிடம் வேண்டுமானாலும் தனியாகப் பேசிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

திருப்பம் வந்தது குடும்ப டாக்டர் மாறியபோது. பழையவர் வேறு ஊருக்குப் போய்விட, வருடாந்திரப் பரிசோதனைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உங்கள் அம்மாவோடு அவர் மொழியில் பேச எனக்கு ஓர் ஆள் இருக்கிறார், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாமா என்றார். மேஜை மேல் இருந்த போனில் ஒரு எண்ணைப் போட்டு "டமில்" என்றார். சில நிமிஷத்தில் லைனில் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "வணக்கம் அம்மா, நான் உங்களுக்காகக் கதைக்கிறன்" என்று அவர் சொன்னதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டார். அந்தத் தம்பி பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் அப்படியே ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னார். அறையில் பேசப்படும் எதையும் விடாமல் சொல்வதுதான் இன்டர்பிரட்டர் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சிரித்துவிட்டார், அம்மாவும் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து. நான் வெளியே போனேன்.

உள்ளே அம்மாவிடம் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்கிற கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறார்கள். தமிழிலேயே இருக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு அடிக்கடி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். அம்மாவுக்குப் பதினேழு. சாவதே மேல் என்கிற எண்ணத்தைப் பற்றிக் கேட்பது ஒன்பதாவது கேள்வி. மருத்துவமனையில் என் முன்னால் "ஒண்ணுமில்லடி" என்றாரே, அதற்குத் தாளில் "சில நாட்கள்" என்று டிக் போட்டிருந்தார். இதை என்னிடம் சொல்லலாமா என்று டாக்டர் அம்மாவைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகே என்னை உள்ளே கூப்பிட்டார். கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பயத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன நடக்கிறது என்று கடைசியில் தெரிந்துவிட்டதே.

இந்தப் போன் வசதி அந்த டாக்டரின் நல்ல மனசு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அது சட்டம். 1964-ஆம் வருஷத்து சிவில் உரிமைச் சட்டமும், ஒபாமாகேர் என்று நாம் சொல்லும் 2010 சட்டத்தின் 1557-ஆம் பிரிவும், மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு இலவசமாக மொழி உதவி தர வேண்டும் என்கின்றன. மெடிகேரோ, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டோ ஏற்றுக்கொள்ளும் ஏறக்குறைய எல்லா இடமும் இதில் அடங்கும். உங்கள் ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று அவர்கள் சொல்லக் கூடாது. அவசர நிலை தவிர, சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. நம் வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பேரன் பாட்டியின் நோயை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பான், நாமும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்போம். தயவுசெய்து நிறுத்துங்கள். நேரம் வாங்கும்போதே "தமிழ் மெடிக்கல் இன்டர்பிரட்டர் வேண்டும், குடும்பத்தார் செய்ய மாட்டார்கள்" என்று சொல்லிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். போகிற அன்றைக்குக் கவுன்டரில் இன்னொரு தடவை சொல்லுங்கள். தமிழுக்கு ஆள் இல்லை என்றால், போனில் உண்டு என்று சொல்லுங்கள். பெண் வேண்டுமென்றால் கேளுங்கள், கிடைத்தால் தருவார்கள். வந்தவர் பேசுவது அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் மாற்றச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மறுத்தால் மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அந்தப் பெயரைச் சொன்னாலே பெரும்பாலும் போன் தேடிக் கிடைத்துவிடும்.

சிகிச்சைக்கு வருகிறேன். மாத்திரை எழுதுவதற்கு முன் டாக்டர் தைராய்டும் பி12-ம் பார்த்தார். இரண்டில் எதில் குறை இருந்தாலும் இதே சோர்வும் மறதியும் வரலாம், அதுவும் நம்மைப் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம். அம்மாவுக்குக் கொஞ்சம் குறைவு, அதைத் தனியாகச் சரிசெய்தார்கள். செர்ட்ராலைன் என்ற மனச்சோர்வு மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். இந்த வகை மாத்திரைகள் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், அதனால் சில வாரத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும். உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். முதல் வாரங்களில் அம்மாவுக்குக் குமட்டல், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல, விட்டுடறேன்" என்று தினமும் ஒரு பாட்டு. பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அம்மாவின் பெரிய பயம் வேறு. "பைத்தியம்னு எழுதிட்டா கிரீன் கார்டைப் புடுங்கிடுவாங்களாடி?" நம் ஆட்களில் பலர் டாக்டரிடம் போகாததற்கு இதுதான் காரணம், வெளியே சொல்ல மாட்டார்கள். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுவதற்காக யாருடைய கிரீன் கார்டும் போகாது. குடியேற்ற மருத்துவப் பரிசோதனையில் அவர்கள் பார்ப்பது, மனநோயோடு சேர்ந்து தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் நடத்தை இருக்கிறதா என்பதை. அந்தப் பரிசோதனையில் நோயின் பெயர் மட்டும் யாரையும் தடுக்காது. அப்படி ஏதாவது பழைய சம்பவம் இருந்து, விசா காரியம் இன்னும் நடந்துகொண்டிருந்தால், குடியேற்ற வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். உறவினர்கள் பேசிய பேச்சைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பேரன் பக்கத்தில் இருக்க, ராஜா மாதிரி பிள்ளைகள் இருக்க, உனக்கென்ன குறை என்று ஒரு பெரியம்மா அம்மாவிடமே போனில் கேட்டார். அதன் பிறகு அந்த எண்ணை நான் எடுப்பதே இல்லை.

கவுன்சலிங்குக்குத் தமிழ் பேசும் ஆள் தேடியதுதான் மருத்துவமனையைவிடப் பெரிய சோதனை. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் பெயர்கள் கொட்டிக் கிடந்தன. ஒரு எண் வேலை செய்யவில்லை, ஒன்று பல் டாக்டர், ஒருவர் புது ஆட்களை எடுப்பதில்லை, இன்னொருவர் அந்தக் காப்பீட்டை விட்டு விலகி வருஷக்கணக்காகிறது. என் ஜாதகம்தான் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். 2023-இல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ரகசியமாகப் போன் செய்து பார்த்ததிலும் இதே கதைதான். முயன்றதில் 18 சதவீதம் தடவைதான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. இதற்குப் "பேய் நெட்வொர்க்" என்றே பெயர். ஆகவே ஒவ்வொரு அழைப்பையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். பட்டியலில் யாரும் கிடைக்கவில்லை என்று காப்பீட்டுக்காரர்களிடம் அந்தக் குறிப்பைக் காட்டி, "நெட்வொர்க் கேப் எக்செப்ஷன்" கேளுங்கள். அனுமதித்தால், பட்டியலுக்கு வெளியே உள்ளவரை உள்ளே உள்ளவருக்கான கட்டணத்தில் பார்க்கலாம். பேசியவர் பெயரும் அழைப்பின் குறிப்பு எண்ணும் இல்லாமல் போனை வைக்காதீர்கள். இதைக் கேட்கத் தெரியாத மாதங்களில் ஒரு மணி நேரத்துக்கு 180 டாலர் கைக்காசு கொடுத்தேன். 2008-இல் வந்த சமநிலைச் சட்டப்படி, மனநலச் சிகிச்சைக்கு உடல் சிகிச்சையைவிடக் கடுமையான கோபேயோ கட்டுப்பாடோ வைக்கக் கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கவுன்சலருக்கு, நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். வேறு மாநிலத்தில் நல்ல தமிழ் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார் என்று தெரிந்தால் சைப்பாக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். நியூ ஜெர்சி உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன, வீடியோவில் பார்க்கலாம். இது சைக்காலஜிஸ்ட்டுகளுக்கு மட்டும், சோஷியல் வொர்க்கர்களுக்கு அல்ல. எங்களுக்கு அப்படித்தான் ஒருவர் கிடைத்தார். காத்திருந்த காலத்தில் கிளினிக்கிலேயே ஒரு கேர் மேனேஜர் இன்டர்பிரட்டரை வைத்துக்கொண்டு அம்மாவை வாரம் ஒருமுறை போனில் விசாரிப்பார். குடும்ப டாக்டர், கேர் மேனேஜர், பின்னாலிருந்து ஆலோசனை சொல்லும் ஒரு மனநல மருத்துவர் என்ற இந்த ஏற்பாட்டை 1,801 முதியவர்களிடம் சோதித்துப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் இந்த முறையில் சுமார் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம். "கொலாபரேட்டிவ் கேர்" உண்டா என்று உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். மனநல மருத்துவரின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே திரும்பிவிடும் அம்மாக்களுக்கு இது பெரிய வசதி, சர்க்கரைக்குப் பார்க்கும் அதே இடம்தானே.

அந்தக் கிளினிக் சுவரில் ஜூலை மாதம் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சிறுபான்மையினர் மனநல விழிப்புணர்வு மாதம், பீபி மூர் கேம்பல் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயரில். அவர் 2006-இல் இறந்தார், 2008-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அந்த மாதத்துக்கு அவர் பெயரை வைத்தது. என் அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள்: மகளுக்கு மனநோய் வந்தபோது தங்கள் மக்களுக்கு ஏற்ற சிகிச்சை கிடைக்காமல் அலைந்து, மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு போராடியவர் என்று. தோழியும் கறுப்பினத்தவள், அவள் அம்மாவுக்கும் இதே கதை. அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி, ஆனாலும் வலியைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்றாள். அவளோடு பேசியதுதான் அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். நம் ஆட்களோ டாக்டர் வாசல் வரைக்கும்கூடப் போவதில்லை. 2002-03 கணக்கெடுப்பில், ஒரு வருஷத்தில் மனநலத்துக்காக ஏதாவது உதவி நாடிய ஆசிய அமெரிக்கர்கள் 8.6 சதவீதம், பொது மக்களில் 17.9.

ராத்திரியில் பயம் வந்தால் 988, தற்கொலை எண்ணத்துக்கும் மன நெருக்கடிக்குமான உதவி எண். ஜூலை 2022-லிருந்து இந்த மூன்று இலக்கம்தான். அழைத்துத் "தமிழ்" என்று சொன்னால் போனிலேயே மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள், 240-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அந்த வசதி இருக்கிறது. பார்த்துக்கொள்பவர்களும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன், அம்மாவுக்காக அல்ல.

அம்மா இப்போது பரவாயில்லை. பூண்டு அளவாக உரிக்கிறார், சீரியலில் யாரையாவது திட்டுகிறார். டிசம்பரில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வர ஆசை. இதற்கும் தயாரிப்பு வேண்டியிருக்கிறது. மாத்திரையை முன்கூட்டியே மொத்தமாக வாங்க, பயணத்துக்கான விதிவிலக்கைக் காப்பீட்டில் கேட்க வேண்டும், "வெக்கேஷன் ஓவர்ரைடு" என்பார்கள். மருந்தைப் பார்மசி டப்பாவோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அங்கே இருக்கும் நாட்களில் இங்குள்ள சைக்காலஜிஸ்ட் வீடியோவில் பார்க்க முடியாது, லைசென்ஸ் இந்தியாவுக்குச் செல்லாது. அதனால் கும்பகோணத்தில் யாரைப் பார்ப்பது என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.